34 தொட்டிகளில் பிழைத்தவை மூன்று

பால்கனியில் காய்கறி வளர்க்க ஆரம்பித்த முதல் வருஷம் என்னிடம் 34 தொட்டிகள் இருந்தன. வருஷக் கடைசியில் மூன்றில் மட்டும்தான் பச்சை மிச்சம் இருந்தது. ஒன்று மிளகாய், ஒன்று கொடிப்பசலை. மூன்றாவது நான் விதைக்கவே விதைக்காத பருப்புக்கீரை. செத்துப்போன தக்காளியின் மண்ணில் தானாக முளைத்து, தொட்டி விளிம்பைத் தாண்டிப் படர்ந்திருந்தது. மற்ற 31 தொட்டிகளுக்கும் நான் செய்த பணிவிடையை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது. காலையில் எழுந்ததும் முதலில் அவற்றைத்தான் பார்ப்பேன். வேலை முடிந்து வந்ததும் அவற்றைத்தான் பார்ப்பேன். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் அவற்றைக் கொன்றேன் என்று புரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது. யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் இதில் பாதியாவது நடந்திருக்காது. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான் தனியாக இருக்கிறேன். வீட்டில் என்னைத் தவிர உயிருள்ளது எதுவும் இல்லை என்ற எண்ணம் ஒரு நாள் மிகவும் உறுத்தியது. அன்று தொடங்கியதுதான் இது. முதல் மாதச் சம்பளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை ஒரே வாரத்தில் செலவழித்தேன். அழகாக இருந்த சின்னச் சின்னத் தொட்டிகள், பெரும்பாலும் ஒரு சாண் அகலம்கூட இல்லாதவை. தக்காளி, குடைமிளகாய், காலிஃபிளவர், முட்டைக்கோஸ், கேரட், ஸ்ட்ராபெர்ரி என்று விதைப் பாக்கெட்டின் படத்தைப் பார்த்தே வாங்கினேன். என் பால்கனி மேற்குப் பார்த்தது. மதியம் வரைக்கும் நிழல், அதற்குப் பிறகு சுவரே சுடும் அளவுக்கு வெயில். இந்தச் செடிகளில் பாதிக்கு மேல் குளிர்ச்சியான பருவத்துக்கு உரியவை என்பதையோ, தக்காளிக்கு ஒரு வாளி அளவு மண்ணாவது வேண்டும் என்பதையோ நான் யோசிக்கவே இல்லை.

முதல் தவறு மண். பக்கத்துக் காலி மனையிலிருந்து மண் அள்ளி வந்து அப்படியே நிரப்பினேன். தரையில் இருக்கும்போது அதே மண்ணில் களை என்னமாய் வளர்ந்திருந்தது! ஆனால் தரையில் மண்புழுவும் வேர்களும் மண்ணைத் துளைத்துக்கொண்டே இருக்கும், தண்ணீர் ஆழத்துக்கு இறங்கிப் போகும். தொட்டியில் அந்த வேலையைச் செய்ய யாரும் இல்லை. நாலைந்து முறை தண்ணீர் ஊற்றியதும் மண் இறுகிச் செங்கல் மாதிரி ஆனது. ஊற்றிய தண்ணீர் ஓரமாக வழிந்து அடியில் வந்துவிடும், நடுவில் இருக்கும் வேருக்குப் போகாது. சில தொட்டிகளில் நேர்மாறாக, தண்ணீர் இறங்காமல் சேறாகவே நின்றது. வடிகால் நன்றாக இருக்கட்டும் என்று அடியில் ஒரு அடுக்கு கூழாங்கல் வேறு போட்டிருந்தேன். அது உதவாது. நுண்ணிய மண்ணில் இருக்கும் நீர், கற்களின் பெரிய இடைவெளிக்குள் எளிதில் இறங்காது. மேல்மண் முழுக்க ஊறி நிறைந்த பிறகுதான் சொட்ட ஆரம்பிக்கும். அதனால் ஈரம் தேங்கும் பகுதி அப்படியே மேலே ஏறி, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து நிற்கும். கல் வேண்டாம். அடியில் நான்கைந்து நல்ல துளைகள், மண் வெளியேறாமல் இருக்க ஒரு துண்டு வலை. அவ்வளவு போதும்.

இரண்டாவது தவறுதான் பெரியது. மதியம் மூன்று மணிக்குச் செடிகள் வாடித் தொங்கும். எனக்குப் பதறும். உடனே ஒரு குவளை தண்ணீர். மறுநாளும் வாடும், மறுநாளும் தண்ணீர். கடும் வெயிலில் இலை இழக்கும் நீரை வேரால் அதே வேகத்தில் தர முடியாதபோது செடி தற்காலிகமாகத் தொங்கும், வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியாது. வேருக்கும் காற்று வேண்டும். எப்போதும் ஊறிய மண்ணில் காற்று இல்லாமல் வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது, அதனால் செடி மறுபடி வாடும். தாகத்தில் வாடும் செடியும் அழுகி வாடும் செடியும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆறாவது வாரம் ஒரு கத்தரி நாற்றைப் பிடுங்கிப் பார்த்தபோது வேர் பழுப்பாகி, சாக்கடை வாடை அடித்தது. அன்று பால்கனித் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். இப்போது நான் செய்வது இதுதான்: மதியம் செடியைப் பார்த்து முடிவு எடுப்பதில்லை. காலையில் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பேன். உள்ளே ஈரம் தட்டினால் தண்ணீர் கிடையாது. காய்ந்திருந்தால் அடித்துளையில் சொட்டும் வரை நிதானமாக ஊற்றுவேன். தினமும் ஒரு குவளை என்ற கணக்கு எந்தத் தொட்டிக்கும் பொருந்தாது.

இந்தத் தண்ணீர் செடியைக் கொன்றதோடு நிற்கவில்லை. ஒரு நாள் கீழ்வீட்டு அக்கா மேலே வந்தார். சத்தம் போடவில்லை. "ஏம்மா, எங்க பால்கனிக் கூரை ஊறிப்போய் சுண்ணாம்பு உதிருது, கொஞ்சம் வந்து பாரேன்" என்றார். போய்ப் பார்த்தேன். ஓர் ஆள் நீளத்துக்குக் கறை. தரையில் நேரடியாக வைத்திருந்த தொட்டிகளுக்கு அடியில் எப்போதும் ஈரம் நின்று, தளத்தின் வெடிப்பு வழியாக இறங்கியிருக்கிறது. அவர் வீட்டுக் கூரைக்குப் பூச்சும் வண்ணமும், என் தளத்துக்கு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சும் செய்து கொடுத்தேன். தோட்டத்துக்குச் செலவழித்ததைப் போல மூன்று மடங்கு அதில் போனது. பணத்தைவிட, அவர் முகத்தைப் பார்த்துப் பேச ஒரு மாதம் கூசியது. முதல் தொட்டி வாங்குவதற்கு முன்னால் தளத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். தொட்டியைத் தரையிலிருந்து நாலு விரற்கடை உயரத்திலாவது தாங்கியில் வையுங்கள். அடித்தட்டு வைத்தால் அதில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒரு முறையாவது கொட்டிக் காயவிடுங்கள். கொசு முட்டையிட்டுப் புழுவாகிப் பறக்கச் சூடான காலத்தில் பத்து நாள்கூடத் தேவையில்லை.

அப்போதுதான் எடையைப் பற்றியும் யோசித்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இருபது லிட்டர் தொட்டியில் வெறும் தோட்டமண்ணை நிரப்பி நனைத்தால் முப்பது கிலோவைத் தாண்டும். அப்படிப் பத்து வைத்தால் பால்கனியில் நாலைந்து பெரிய ஆட்கள் எந்நேரமும் நிற்பது போல. பல பால்கனிகள் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பவை. அதனால் கனமான தொட்டிகள் கைப்பிடி ஓரத்தில் இருப்பதைவிட வீட்டுச் சுவரை ஒட்டி இருப்பதே பாதுகாப்பு. பழைய கட்டடம் என்றால், பெரிதாக எதையும் ஏற்றும் முன் ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டிவிடுங்கள்.

கைப்பிடிச் சுவர் மேல் எதையும் வைக்காதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நான் ஆறு தொட்டிகளை அங்கே வரிசையாக வைத்திருந்தேன். ஒரு ராத்திரி காற்றில் ஒன்று விழுந்தது. கீழே யாரும் இல்லை. சத்தம் கேட்டு எழுந்து ஓடி எட்டிப் பார்த்த அந்தச் சில நொடிகளை என்னால் மறக்க முடியவில்லை. பகலில் அந்த இடத்தில் குழந்தைகள் விளையாடுவார்கள். காய்ந்த மண் எடை குறைவு, மேலே செடி பாய்மரம் மாதிரிக் காற்றைப் பிடிக்கும். கம்பியில் தொங்கவிடுவதானால் உள்பக்கமாக, இரண்டு இடத்தில் கட்டி.

இத்தனைக்கும் நடுவில் தக்காளிதான் பிழைத்து இரண்டடி வளர்ந்தது. பூத்தது. நான் அடைந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. ஆனால் பூவெல்லாம் காம்போடு உதிர்ந்தது. வெயில் உச்சத்தில் இருந்த வாரங்கள் அவை. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுக்கமாகவே இருந்தால் தக்காளியின் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ உதிரும். நிழல்வலை கட்டிய பிறகு நாலு காய் பிடித்தது. அவற்றின் அடிப்பக்கம் கருத்துக் குழிவிழுந்தது. நோய் என்று நினைத்து ஒரு மருந்து, சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று நினைத்து ஒரு டானிக், இரண்டும் வாங்கினேன். மண்ணில் கால்சியம் இருந்திருக்கலாம். அது தண்ணீரோடுதான் காய்க்குப் போய்ச் சேரும். ஒரு நாள் காய்ந்து ஒரு நாள் ஊறி என்று நான் மாற்றி மாற்றி வைத்ததில் அது போய்ச் சேரவே இல்லை. சின்னத் தொட்டியில் தக்காளி என்றால் இந்தத் தொல்லை விடாது. சுரைக்கொடியும் ஒன்று வைத்திருந்தேன். பிஞ்சு பிஞ்சாக வந்து மஞ்சளாகி விழும். அதில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனி என்பதோ, அது மாலையில் மலரும், பெரும்பாலும் இரவில் பறக்கும் பூச்சிகளால்தான் காய் பிடிக்கும் என்பதோ தெரியாமல் காலையில் தூரிகையோடு நின்றேன். உயரமான மாடிக்கு அந்தப் பூச்சிகள் வருவதும் அரிது.

கடைசி அடி, ஐந்து நாள் வெளியூர்ப் பயணம். திரும்பி வந்தபோது மேற்கு வெயிலில் கருப்பு நிறத் தொட்டிகள் எல்லாம் சூளை மாதிரி இருந்தன. ஒரு சாண் தொட்டியில் இருக்கும் மண் கோடையில் ஒரே நாளில் காய்ந்துவிடும். ஐந்து நாள் எப்படித் தாங்கும்? தக்காளி, குடைமிளகாய், புதினா எல்லாம் கையில் எடுத்தால் பொடியாகும் அளவுக்குக் காய்ந்திருந்தன. இரண்டு மாதம் பால்கனிக் கதவையே நான் திறக்கவில்லை.

கதவைத் திறந்த அன்றுதான் அந்த மூன்றையும் பார்த்தேன். மூன்றும் ஒரே மூலையில் இருந்தன. குழாய் எட்டாத மூலை, அதனால் நான் அதிகம் தண்ணீர் ஊற்றாத மூலை. மிளகாயும் கொடிப்பசலையும் இருந்தவை பழைய பெயிண்ட் வாளிகள், தொட்டி போதாமல் நானே அடியில் துளை போட்டு வைத்தவை. பெரியவை, வெள்ளை நிறம். பருப்புக்கீரை அவற்றின் நிழலில் இருந்தது. அது தன் தண்டிலும் தடித்த இலையிலும் நீரைச் சேர்த்து வைக்கும் செடி. அந்த இரண்டு மாதம் எப்போதாவது சாரலடித்த மழைதான் அவற்றுக்குத் தண்ணீர். பெரிய தொட்டி, வெளிர் நிறம், கொஞ்சம் நிழல், இந்த வெயிலுக்குப் பிறந்த செடி. நான் செய்யாமல் விட்டதெல்லாம் அங்கே ஒன்றாக இருந்தது.

இரண்டாவது முறை விதை வாங்குவதற்கு முன் ஒரு விடுமுறை நாள் முழுக்க மணிக்கு ஒரு முறை பால்கனியைப் படம் எடுத்தேன். எந்த மூலையில் எத்தனை மணி நேரம் நேர்வெயில் விழுகிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடத்தில்தான் காய் காய்க்கும் செடி. மூன்று, நான்கு மணி நேரம் என்றால் கீரை. அதற்கும் குறைவு என்றால் புதினா மாதிரி ஒன்றிரண்டு. பருவம் மாறினால் சூரியனின் பாதை நகரும், எனவே ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். இதற்கு ஒரு காசும் செலவில்லை. இதைத்தான் நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

34-க்குப் பதிலாக ஒன்பது தொட்டிகள். காய்ச்செடிகளுக்கு 15 முதல் 20 லிட்டர், மிளகாய்க்கு 12 லிட்டர், கீரைக்கு ஒரு சாண் ஆழம் உள்ள அகலமான பெட்டி. மண் கலவையில் தோட்டமண் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, நன்றாக மக்கிய உரம் ஒரு பங்கு. நார்க்கழிவைக் கட்டியாக வாங்கினால் ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் அலசிப் பிழிந்து பயன்படுத்துங்கள், அதில் உப்பு இருக்கலாம். அது ஈரத்தைப் பிடிக்குமே தவிர, சத்து அநேகமாக இல்லை, அதனால் உரம் சேர்க்காமல் அதை மட்டும் நம்பக் கூடாது. உரம் என்றால் மண்வாசனை வரவேண்டும். மக்காத காய்கறித் தோலை நேரே தொட்டியில் புதைத்துப் புழுவும் ஈயும் வரவழைத்த அனுபவமும் எனக்கு உண்டு. மண்ணுக்கு மேலே இரண்டு விரற்கடைக்குக் காய்ந்த இலைகளை மூடாக்காகப் போட்டேன். தண்ணீர்ச் செலவு கண்கூடாகக் குறைந்தது. மூடாக்கு தண்டை ஒட்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செடிகளில் முதலில் தண்டுக்கீரை. வெப்பத்தை விரும்பும் கீரை, பயப்படாமல் தொடங்கலாம். விதை கடுகைவிடச் சின்னது என்பதால் மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லியதாக மண் போர்த்தினால் போதும். நெருக்கமாக முளைத்ததை இளசிலேயே களைந்து சமைத்துவிடலாம். 25, 30 நாளில் முதல் பறிப்பு. வேரோடு பிடுங்காமல் கணு விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். கொடிப்பசலைக்கு விதைகூட வேண்டாம், கணுவோடு ஒரு தண்டை ஒடித்து ஈர மண்ணில் செருகினால் வேர் விடும். ஏற ஒரு கயிறு கட்டிவிட்டால் வாரம் ஒரு முறை இலை பறிக்கலாம், பறிக்கப் பறிக்கத்தான் கிளைக்கும்.

காய்களில் என் வெயிலைத் தாங்கியவை வெண்டை, கொத்தவரை, மிளகாய், கத்தரி. வெண்டையின் வேர் நேரே கீழே போகும், பிடுங்கி நடுவது பிடிக்காது. எனவே நாற்றுவிடாமல் ஓர் இரவு ஊறவைத்த விதை இரண்டைப் பெரிய தொட்டியிலேயே போட்டு, திடமானதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். தன் மகரந்தத்திலேயே காய்க்கும், தேனீ வராத மாடியிலும் கவலையில்லை. ஐம்பது நாளை ஒட்டிக் காய்க்கத் தொடங்கும். ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். நாலு நாள் விட்டால் காய் நாராகி, செடியும் புதுப் பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும். சுனை அரிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பறியுங்கள். கொத்தவரை வறட்சியைத் தாங்குவதற்குப் பெயர்போனது. அதன் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, எடுத்துக் கொடுக்கும், எனவே தழைச்சத்து உரம் போடாதீர்கள். போட்டால் இலைதான் தழைக்கும். மிளகாய் ஒரு பருவத்தோடு முடிகிற செடி என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். உறைபனி இல்லாத இடத்தில் இரண்டு மூன்று வருஷம் காய்க்கும். காய்ப்பு ஓய்ந்ததும் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து ஒரு கை உரம் போட்டால் மறுபடி தழைக்கும். என்னோடு பிழைத்த அந்த மிளகாய் இப்போது மூன்றாவது வருஷத்தில் இருக்கிறது.

பூச்சி வராது என்று சொல்ல மாட்டேன். மாவுப்பூச்சியும் அசுவினியும் வந்தன. எறும்பு வரிசையாகச் செடியில் ஏறினால் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அந்தப் பூச்சிகள் சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அவற்றைக் காவல் காக்கும். ஆரம்பத்திலேயே பார்த்தால் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சியும் விரலால் தேய்த்தும் முடித்துவிடலாம். மீறினால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடியில் படும்படி. முதலில் ஓர் இலையில் அடித்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். நான் முதல் வருஷம் நண்பகலில் அடித்து இலையைக் கருக்கினேன்.

வெளியூர் போக வேண்டியிருந்தால் தொட்டிகளை எல்லாம் நிழல் மூலைக்கு நகர்த்தி ஒன்றோடு ஒன்று நெருக்கி வைக்கிறேன். பெரிய செடிகளுக்குப் பக்கத்தில் மூடிய வாளித் தண்ணீர், மூடியில் துளையிட்டு, அதிலிருந்து மண்ணுக்குள் ஒரு பின்னல் கயிறு. கயிறு நீரை மெல்ல மெல்ல இழுத்துக் கொடுக்கும். போவதற்கு ஒரு வாரம் முன்பே கட்டிப் பாருங்கள், எல்லாக் கயிறும் நீரை இழுக்காது. போன மாதம் ஆறு நாள் கழித்துத் திரும்பினேன். பெட்டியைக்கூட இறக்காமல் நேரே பால்கனிக்குத்தான் போனேன். கத்தரி கொஞ்சம் தொங்கியிருந்தது, சாயங்காலம் நிமிர்ந்துவிட்டது. வெண்டையில் ஆறு நாளும் பறிக்காமல் விட்ட காய்கள் முற்றிப்போயிருந்தன. அவற்றில் இரண்டை மட்டும் விதைக்கென்று செடியிலேயே விட்டிருக்கிறேன். இன்று காலை பார்த்தபோது மெல்ல வெடிக்கத் தொடங்கியிருந்தன. இன்னும் இரண்டு நாள் காயட்டும்.